ஒரு மூச்சு மந்திரம்

மாடியில் குடியிருப்பவர்கள் சூனியம் வைக்கிற கூட்டம் என்ற முடிவுக்குக் கொளஞ்சியம்மாள் வந்தது, மொட்டைமாடியில் காயப்போட்ட கூழ்வடகத்தை எடுக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அதுவரை அவர்கள் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மணிவேல் அரியலூரிலேயே ஒரு சிமென்ட் ஆலையில், சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தான். அவன் பெண்டாட்டி பரிமளா தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாடகை முதல் தேதியே கைக்கு வந்துவிடும். தண்ணீரைக் கண்டபடி செலவழிக்க மாட்டார்கள், சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷத்தில் இப்படியும் ஒரு குடித்தனமா என்று அவளுக்கே அவ்வப்போது உறுத்தியது உண்டு. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத மனுஷர்களிடம் பெரிதாக ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு மேல் மணிவேலோடு வேலை பார்க்கும் அறிவழகன் தன் மொபெட்டில் வருவான். கதவு சாத்திக்கொள்ளும். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்கும், நடுநடுவே எதையோ உருட்டுகிற சத்தமும். சீட்டாட்டம் என்று அவள் நினைத்திருந்தாள். அன்றைக்கு வடகத் தட்டோடு அந்தக் கதவைத் தாண்டும்போது பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது.

"கெழவனுக்கு உசுரு இன்னும் எவ்வளவு பாக்கி?" இது அறிவழகன்.

"மூணு," என்றாள் பரிமளா.

"அப்ப இன்னும் ஒரே போடு. முடிஞ்சிடுவான்."

கொளஞ்சியம்மாள் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டாள். போன மாசம்தான் மூலை வீட்டு அய்யம்பெருமாள் செத்துப்போயிருந்தார். அவருக்கு எண்பத்தேழு வயசு, இழுப்பு நோய், மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. இருந்தாலும் நேற்று வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று எப்படிப் போவார் என்று இப்போது அவளுக்குத் தோன்றிவிட்டது. உள்ளே பரிமளா, "மந்திரம் பலிச்சிடுச்சு, பூட்டு தொறந்துகிச்சு," என்று வேறு சொன்னாள். வடகம் பாதி படியிலேயே சிந்தியது.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வது என்று கீழே வந்து தீர்மானித்தாள். என்ன பேசுவது என்பதை அடுப்படியில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபடியும் படியேறினாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினபோது உள்ளே பரிமளா யாருக்கோ பாடம் நடத்துகிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இது சின்ன மந்திரம்தான். யாரையும் அடிக்காது, கொல்லாது. இங்கேருந்து மெல்லச் சொன்னா, தூரத்துல இருக்குற ஒருத்தர் காதுல மட்டும் கேக்கும். பக்கத்துல நிக்கிற ஆளுக்குக்கூடத் தெரியாது. கேட்டவங்க பதிலும் சொல்லலாம்."

தூக்கின கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் இறங்கிப் போய்விட்டாள்.

காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே பெண் பாக்யலட்சுமி, செல்லதுரை என்கிற டிராக்டர் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு தா.பழூருக்குப் போய்விட்டாள். அவன் வேற ஆளுங்க. புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக அந்தப் பெண்ணை வளர்த்த கொளஞ்சியம்மாள், சேதி வந்த அன்றைக்குத் தெருக் குழாயடிக்குப் போனாள். நாலு பேர் பார்க்க, குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "இன்னையோட அவளத் தல முழுவிட்டேன். எம் பொண்ணு செத்துட்டா," என்று சத்தமாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும். அன்றைக்கு ரயில் நிலையம் வரைக்குமே கேட்டிருக்கும்.

முழுகின தலை அன்று சாயங்காலமே காய்ந்துவிட்டது. சொன்ன சொல்தான் காயாமல் கிடந்தது. பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது என்றும், பேத்தி இப்போது ஓடியாடி விளையாடுகிறது என்றும் அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் சொன்னார்கள். அவர்களிடம் "யாரு புள்ளையோ எனக்கென்ன" என்பாள். பேத்திக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டு வாங்கிவிட்டாள். பேர் சுமதி. பாக்கியம் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் போன் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். கூடத்து டெலிபோனில் அதைக் கடைசி எண் வரைக்கும் அழுத்தியிருக்கிறாள். கடைசி எண்ணை மட்டும் ஒருநாளும் அழுத்தியதில்லை. தெரு பார்க்கத் தலை முழுகியவள், தானே வலியப் போய்ப் பேசினால் அந்தத் தெரு என்ன சொல்லும்? அதைவிட, மகள் பேசாமல் போனை வைத்துவிட்டால்? இரண்டாவதை நினைத்துத்தான் அவளுக்கு உண்மையில் பயம்.

யாருக்கும் தெரியாமல், காதில் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு மந்திரம் மாடியிலேயே இருக்கும்போது அய்யம்பெருமாள் செத்ததை எதற்குப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்த ஞாயிறு அவள் கதவைத் தட்டியபோது கையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், ஒரு பழைய மரச் சீப்பு. சீப்பின் பல்லில் நாலைந்து மயிர் சிக்கியிருந்தது.

"எம் பொண்ணோடதுதான்," என்று தாம்பாளத்தை நீட்டினாள். "காலடி மண்ணு கெடைக்கல. மயிரு போதுமா?"

உள்ளே மூன்று பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டம் போட்ட காகிதம், கோட்டையின் படம், பென்சில்கள், ஒரு தட்டில் வேர்க்கடலை. பரிமளாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ அம்மா, இது வெளையாட்டுங்க!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க," என்றாள் கொளஞ்சியம்மாள், விஷயம் தெரிந்தவளாக. "உடையார்பாளையத்துல ஒருத்தன் இருந்தான். அவனும் வர்றவங்ககிட்ட எல்லாம் எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னுதான் சொல்லுவான். ஊரே அவன் வாசல்ல நிக்கும்."

சத்தியம் பண்ணிப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் பரிமளாவின் தம்பி அனுப்பிய புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். புத்தகத்தில் கொம்பு முளைத்த பிசாசும், தடியைத் தூக்கி நிற்கிற தாடிக்காரனும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

"நாங்க ஒரு கதை சொல்றோங்கம்மா," என்று பரிமளா பொறுமையாக ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்த பொறுமை அது. "ஆளுக்கொருத்தரா கதைக்குள்ள இருப்போம். அறிவழகன் ஒரு சண்டைக்காரன். இவரு திருடன். மத்த எல்லா ஆளுக்கும் நான்தான் பேசுவேன். ராசா, காவக்காரன், கெழவன், பேய், நாயி, எல்லாம். திருடன் ஒரு பூட்டத் தொறக்கப் பாக்குறான்னு வைங்க. தொறந்துச்சா இல்லையான்னு எங்க இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. எண்ணு போட்ட இந்தக் கட்டைய உருட்டிப் பாப்போம். தொழில் தெரிஞ்சவனுக்கு விழுந்த எண்ணோட கொஞ்சம் சேத்துக்குவோம்."

"விழுந்தா விழுந்ததுதாங்கம்மா," என்றான் மணிவேல் கசப்போடு. கதையில் அவனுடைய பழைய திருடன் போன மாசம் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து செத்திருந்தான். கட்டிய புருஷன் என்று பரிமளா கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. அந்தத் துக்கத்தில் அவன் இரண்டு நாள் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டான்.

கொளஞ்சியம்மாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சரி, கதைன்னே வெச்சுக்க. அந்தக் காதுல சொல்ற மந்திரம் எனக்கு வேணும்."

பரிமளா அவளையே பார்த்தாள். பாக்கியத்தின் கதை குடி வந்த வாரத்திலேயே எதிர் வீட்டு ஆண்டாயி சொல்லி அவளுக்குத் தெரியும். இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியவில்லை, ஆகட்டும் என்று ஏமாற்றவும் மனசு வரவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தாள்.

"அப்ப நீங்களும் ஆட்டத்துல சேருங்க. கதையில உங்களுக்கு என்ன பேரு?"

"எனக்கு எதுக்குடி இன்னொரு பேரு? கொளஞ்சிதான்."

"என்ன தொழிலெல்லாம் தெரியும்?"

"முறுக்கு சுடுவேன். கன்னுக்குட்டிக்கு வயித்தால போனா வைத்தியம் பாப்பேன். வாடகை வாங்குவேன்."

அறிவழகன் மூன்றையும் ஒழுங்காக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எண் போட்டான். "மெல்லப் பேசுவீங்களா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லுமுன்பே மணிவேல் "அதுக்கு முட்டை போடு" என்றான். கொளஞ்சியம்மாள் அதை மறுக்கவில்லை.

பரிமளா கதையைத் தொடங்கினாள். கொளஞ்சி ஒரு மலைக்கோட்டையில் இருக்கிறாள். கீழே ஆறு, இரு கரையும் தொட்டு வெள்ளம் போகிறது. அக்கரையில் ஒரு வீடு, வீட்டில் விளக்கு எரிகிறது. ஓடம் கிடையாது, பாலம் கிடையாது. இருப்பது அந்தச் சின்ன மந்திரம் ஒன்றுதான்.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

"நீங்க யாரை நெனைக்கிறீங்களோ அவங்க."

கோட்டையின் படத்தை அவள் குனிந்து பார்த்தாள். ஆற்றைக் கொள்ளிடம் என்றே எடுத்துக்கொண்டாள். தா.பழூருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஆறு அதுதான்.

"என்ன சொல்லணுமோ அதை வாய் விட்டுச் சொல்லணும்," என்றாள் பரிமளா. "ஆனா மந்திரம் சின்னது. ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிடணும். நடுவுல மூச்சு வாங்கினா அத்தோட அறுந்துடும்."

இவ்வளவுதானா என்பது போல கொளஞ்சியம்மாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். நாலு வருஷமாக மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு, நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஏண்டி பாக்கியம், பத்து மாசஞ் சொமந்து பெத்து, அப்பன் இல்லாத கொற தெரியாம வளத்து, காதுக்குத் தோடு கழுத்துக்குச் சங்கிலின்னு பாத்துப் பாத்துப் பண்ணி, ஒரு வார்த்த சொல்லாம ஊரு சிரிக்க..."

மூச்சு தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியை இத்தனை வருஷம் குடித்த நெஞ்சு. இருமல் வந்தது. பரிமளா தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தாள்.

"'ஊரு சிரிக்க' வரைக்கும்தான் போயிருக்குங்கம்மா," என்றான் அறிவழகன் வருத்தத்தோடு.

"அது போனா போதாது. சுருக்குறேன் இரு." கொஞ்சம் யோசித்தாள். மறுபடியும் மூச்சை இழுத்தாள். "நான் அன்னிக்கிச் சொன்னது தப்புதான், ஆனா நீ பண்ணுனது மட்டும் ஞாயமா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேந்தான், அதுக்காவ நீ..."

இதுவும் அறுந்தது.

"அந்த 'ஆனா'வ எடுத்துடுங்கம்மா," என்றான் அறிவழகன். மந்திரத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துவிட்ட அக்கறை அவன் முகத்தில் இருந்தது. "அங்கேருந்துதான் நீண்டுக்கிட்டே போவுது."

மணிவேல் அவன் தொடையில் கிள்ளினான். கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வரும் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. அவள் செம்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன மிஞ்சும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோடு வேண்டாம், சங்கிலி வேண்டாம். ஊர் சிரித்தது வேண்டாம். ஞாயம் வேண்டாம், தப்பும் வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு அடியில் ஒன்று கிடந்தது. விளையாடப் போன பாக்கியத்தை, இருட்டினதும் வாசலில் நின்று அவள் தினமும் கூப்பிட்ட கூப்பாடு அது.

"பாக்கியம், சோறு ஆறுது. வா."

மூச்சு நிறைய மிச்சம் இருந்தது. இவ்வளவு மெல்ல அவள் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அறிவழகன் கடலைத் தோலை நோண்ட ஆரம்பித்தான். மணிவேல் கோட்டையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிமளா கட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப கட்டையப் போடுங்க," என்றாள். "வெள்ளத்தோட சத்தத்தத் தாண்டிப் போவணும். பத்துக்கு மேல விழுந்தா போதும்."

பெரிய நெல்லிக்காய் அளவில், இருபது முகத்தோடு இருந்த கட்டையைக் கொளஞ்சியம்மாள் இரண்டு கையாலும் குலுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு பாயில் விட்டாள். அது உருண்டு, கடலைத் தட்டில் முட்டி, திரும்பி வந்து நின்றது.

ஒன்று.

"தாயம்!" என்று கத்திவிட்டாள் கொளஞ்சியம்மாள். கையைத் தட்டினாள். "மொத ஆட்டத்துலயே தாயம் பாத்தியா!"

யாரும் சிரிக்கவில்லை. "போச்சு," என்று அறிவழகன் வாய்க்குள் சொன்னான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்ன?"

பொய் சொல்லிவிடலாம் என்று பரிமளாவுக்குத் தோன்றியது. புத்தகத்தை இந்த அம்மாள் படிக்கப்போவதில்லை. ஆனால் கட்டிய புருஷனுக்கே சொல்லாத பொய். "அம்மா, இந்த ஆட்டத்துல ஒண்ணு விழுந்தா தோத்துட்டம்னு அர்த்தம். இருக்குறதுலயே மோசம் அதுதான்," என்றாள்.

"எந்த ஊருல?" கொளஞ்சியம்மாளின் குரல் தெருக்கோடிக்குத் திரும்பியிருந்தது. "ஒண்ணு விழுந்தா தோக்குறதா? தாயம் விழாம காயே உள்ள எறங்காதேடி! பன்னெண்டு விழட்டும், ஆறு விழட்டும், தாயம் விழாட்டி வெளியதான் குந்தியிருக்கணும். இதுகூடத் தெரியாம என்னத்த வெளையாடுறீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை?"

"தாயம் விழுந்தா ஜெயிச்சதா ஆயிடுமாங்கம்மா?"

"அது எப்படி ஆவும்? காய எறக்கலாம், அவ்வளவுதான். வெட்டுப்படலாம், திரும்ப வெளிய வரலாம், பழம் ஏறுனாலும் ஏறலாம். எறங்குனாதான எதுவும்?"

பரிமளா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அதை மூடிவைத்தாள்.

"சரிங்கம்மா. உங்க காய் எறங்கலாம்."

"ஏய், போன மாசம் எனக்கு ஒண்ணு விழுந்தப்ப?" என்று மணிவேல் எழுந்தே விட்டான். "செவுத்துலேருந்து தள்ளிவிட்டியே!"

"உங்களுக்கு இது வாடகை வூடு. அவங்களுக்குச் சொந்த வூடு," என்றாள் பரிமளா. மணிவேல் உட்கார்ந்துவிட்டான்.

கொளஞ்சியம்மாள் காத்திருந்தாள். பிறகு பரிமளா பக்கம் திரும்பி, "அவ என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

"யாருங்கம்மா?"

"கேட்டவங்க பதில் சொல்லலாம்னு போன வாரம் சொன்னியே. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். ராசாவுக்கும் நீதான் பேசுவ, நாயிக்கும் நீதான் பேசுவன்னா, இதுக்கும் பேசு. எம் பொண்ணு என்ன சொல்றா?"

பரிமளா வாயைத் திறந்தாள். "வரேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் அப்படியே மலர்ந்துவிடும் என்று தெரிந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.

"அவங்களுக்கு மட்டும் நான் பேச முடியாதுங்கம்மா," என்றாள். "அதை அவங்கதான் சொல்லணும். சொல்லாமலும் இருக்கலாம்."

கொளஞ்சியம்மாள் தாம்பாளத்திலிருந்து சீப்பை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையை ஊன்றி எழுந்தாள். வெற்றிலையையும் எலுமிச்சம்பழத்தையும் அங்கேயே விட்டுவிட்டாள். கதவைத் தாண்டும்போது அறிவழகனைத் திரும்பிப் பார்த்து, "'ஆனா'வ எடுத்தாச்சுல்ல?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

"எடுத்தாச்சுங்கம்மா."

கீழே கூடத்தில் நின்றுகொண்டே எண்களை அழுத்தினாள். கடைசி எண் வந்ததும் விரல் வழக்கம்போல நின்றது. காய் எறங்கலாம் என்று பரிமளா சொன்னதை நினைத்துக்கொண்டு அழுத்திவிட்டாள். மளிகைக் கடைக்காரன் எடுத்தான். மெக்கானிக் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும் என்றதும், கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள் என்று வைத்துவிட்டான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கூடத்தை எத்தனை தரம் சுற்றினாள் என்பது அவளுக்கே தெரியாது.

இரண்டாம் முறை ஒரு பெண் குரல் "அலோ" என்றது. மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்க வேண்டும்.

நாலு வருஷப் பேச்சும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு ஏறி வந்தது. கொளஞ்சியம்மாள் அதை அப்படியே விழுங்கினாள்.

"பாக்கியம், சோறு ஆறுது. வா."

சொன்னதும் போனை வைத்துவிட்டாள். இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தால் மூச்சு வாங்கியிருப்பாள், பிறகு வேறு என்னென்னவோ வந்திருக்கும்.

போனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். மாடியில் கட்டை உருளும் சத்தம் கேட்கவில்லை. அவர்களும் ஆடாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வைத்தது தப்போ, மறுபடி போடலாமோ என்று தோன்றியது. போட்டால் அது மந்திரத்துக்கு ஆகாது என்றும் தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள், அதுவும் அவளுக்குப் புதுசு.

மணி அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு குழந்தை மிட்டாய் வேண்டும் என்று யாரையோ நச்சரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கோபம் இன்னும் முழுசாக இறங்காத குரல் ஒன்று கேட்டது.

"என்ன கொழம்பு?"

அடுப்பில் ஒன்றும் இல்லை. காலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறுதான் இருந்தது. தொட்டுக்கொள்ள ஒரு மிளகாய்.

"மொச்சக்கொட்ட போட்டுக் கருவாட்டுக் கொழம்பு," என்றாள் கொளஞ்சியம்மாள்.

அந்தப் பக்கம் குழந்தையின் நச்சரிப்பு நின்றது.

"புள்ளைக்குக் காரம் ஆவாது," என்றது குரல். "கொஞ்சமா போடு."

கொளஞ்சியம்மாள் போனைச் சரியாக வைத்தாளா என்பதே சந்தேகம். படியை இரண்டு இரண்டாக ஏறி, கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றாள். கன்னமெல்லாம் ஈரம். மூன்று பேரும் பதறி எழுந்தார்கள்.

"ஏம்மா பரிமளா," என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "உங்க வூட்டுல கருவாடு இருக்கா?"